கீழப்பாத்திக்கு வாறவர்

கீழப்பாத்தி உப்பளத்துக்கு மேலே, பதினோரு பனை உயரத்தில், அந்த விமானம் ஐம்பத்து மூன்று வருஷமாக வந்துகொண்டிருந்தது. நின்றுகொண்டிருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள்தான் சொல்வார்கள். மூக்கு ஊரைப் பார்த்தும் வால் கடலைப் பார்த்தும் இருக்கிற ஒன்றை வருகிறது என்றுதான் சொல்ல வேண்டும் என்பதில் ஊருக்குள் இரண்டு பேச்சு இல்லை. மூக்கிலுள்ள விசிறி சுழலாமல், சத்தம் இல்லாமல், இடது இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, கண்ணாடிக் கூண்டுக்குள் வலது கையை உயர்த்திய ஒரு இளைஞனோடு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷம் பங்குனி பதினாலாம் தேதி சாயங்காலம் நாலு மணி பத்து நிமிஷத்துக்கு அது அந்த இடம் வரைக்கும் வந்தது; அதற்கு மேல் வரவில்லை.

முதல் வாரம் யாரும் வேலைக்குப் போகவில்லை, இரண்டாம் வாரம் போனார்கள், மூன்றாம் வாரம் அண்ணாந்து பார்ப்பதை நிறுத்தினார்கள். மரமே இல்லாத அந்த வெளியில் உச்சி நேரத்துக்குக் கிடைத்த ஒரே நிழல் அதுதான் என்பதால் பெண்கள் இறக்கை நிழலில் வரிசையாக உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். இடது இறக்கை மேலத்தெருவுக்கு, வலது இறக்கை கீழத்தெருவுக்கு, வால் நிழல் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்களுக்கு என்று அந்தக் காலத்துப் பங்குச் சாமியார் பிரித்துக் கொடுத்த ஏற்பாடு இன்றைக்கும் மாறவில்லை. விமானத்துக்கு ஊர் வைத்த பெயர் வாறவர். பெண் கேட்டு வருகிறவர்களுக்கு, வாறவருக்கு நேர் கீழே நின்று தெற்கே நாலாவது வீடு என்று வழி சொன்னார்கள். அறுபத்தைந்தில் ஒரு ஹெலிகாப்டர் வந்து அதன் பக்கத்தில் போகப் பார்த்தது. எவ்வளவு நெருங்கினாலும் அந்த விமானம் இன்னும் அவ்வளவு தூரம் வரவேண்டியதாகவே இருந்ததால், எரிபொருள் தீரும் முன்னால் திரும்பிப் போய்விட்டது. வாக்காளர் பட்டியல் எழுத வந்த ஒரு வாத்தியார் கூண்டுக்குள் இருக்கிறவரைக் காட்டி, "இவரு இந்த வார்டுதானா?" என்று கேட்டார். "வந்தா இந்த வார்டுதான்" என்றார்கள். அவர் பென்சிலால் எழுதிவைத்துக்கொண்டு போனார்.

அது ஏன் வருகிறது, ஏன் வந்து சேரவில்லை என்பது இன்னாசிக்கு மட்டும் தெரியும். யுத்த காலத்தில் அரசாங்கம் கடற்கரையில் பனந்தடியால் ஒரு பரண் கட்டி, எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்று அவருடைய அப்பா தஸ்நேவிசை அதில் ஏற்றி, கையில் ஒரு தூரக்கண்ணாடியும் ஒரு பதிவேடும் கொடுத்திருந்தது. வானத்தில் போகிற வருகிற விமானங்களை எல்லாம் அவர் எழுத வேண்டும். நாள், மணி, எண்ணிக்கை, போக்கு, வரத்து என்று கட்டங்கள். போனால் போக்கில் ஒரு கோடு, வந்தால் வரத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான் வேலை. பங்குனி பதினாலு காலையில் எட்டு நாற்பதுக்கு ஒற்றை விமானம் ஒன்று கடலைப் பார்த்துத் தாழப் பறந்தது. பரணைத் தாண்டும்போது அதை ஓட்டிய இளைஞன் கையை உயர்த்தினான். தஸ்நேவிசும் கையை உயர்த்தினார். பிறகு போக்குக் கட்டத்தில் கோடு போடக் குனிந்தவருக்குக் கை ஓடவில்லை.

ஏனென்றால் கீழப்பாத்தியில் விடைபெறுகிறவனைப் போகிறான் என்று யாரும் சொல்வதில்லை. கிளம்புகிறவன் வாறேன் என்பான், இருக்கிறவர்கள் வா என்பார்கள். போயிட்டார் என்ற சொல்லைச் சவப்பெட்டிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். முகம் பார்த்துக் கை காட்டாத விமானங்களுக்குக் கோடு போட்டுவிடலாம். விடைபெற்றுக்கொண்ட பிள்ளைக்கு எப்படிப் போடுவது? தஸ்நேவிஸ் போக்கைத் தாண்டி வரத்துக் கட்டத்துக்குப் போய், தம் அழகான கையெழுத்தில் 'வருகிறார்' என்று எழுதினார். மதியம் ஜீப்பில் வந்த சிப்பாய் மேல்தாளைக் கிழித்துக்கொண்டு போனான். பட்டணத்தில் ஒரு குமாஸ்தா அதை இங்கிலீஷில் பெயர்த்து எழுதினார். பெரிய பதிவேட்டில் அது ஏறிய நேரமும் விமானம் உப்பளத்துக்கு மேலே தங்கிய நேரமும் ஒன்று என்பது பின்னால்தான் தெரிந்தது. வருகிறார் என்று எழுதப்பட்ட ஒருவரைத் தேட யாரும் படகு அனுப்புவதில்லை.

எழுபத்தொன்றில் தஸ்நேவிஸ் சாகக் கிடந்தபோது மகனிடம் சொன்னது ஒரே ஒரு விஷயம். "நான் பொய் எழுதல. ஆனா அந்தப் பிள்ளைய எறக்கி விடவும் இல்ல. நீ பாத்து முடிச்சு வையி."

இன்னாசி எட்டாம் வகுப்பு வரை படித்தவர். உப்பளத்தில் மூட்டை எண்ணுகிறவர். எண்ணும்போது யாராவது பேசினால் ஒன்றும் சொல்லாமல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். கூச்சத்தில், பேசாதே என்று சொல்லவும் மாட்டார். தூரக்கண்ணாடியால் பார்த்து விமானத்தின் உடம்பில் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டார். மூன்று இலக்கம், முதலில் மூன்று, கடைசியில் ஏழு, நடுவில் புகைக்கரி அப்பியிருந்தது. அப்படியானால் பத்து விமானங்களில் ஒன்று. பத்துக்கும் பத்துக் கடிதம். அவர் தமிழில் எழுதுவார், சாமியார் இங்கிலீஷில் தட்டச்சு செய்வார். பட்டணத்துக்கும் டெல்லிக்கும் லண்டனுக்கும் போகும். பதில் வர ஒரு வருஷம் ஆகும், சிலது மூன்று வருஷம்.

"கீழ இருக்கவங்க மொகத்த நிமுந்து பாக்க மாட்டீரு," என்பாள் அவர் மனைவி பிலோமி, "மேல இருக்கவரு பேரு மட்டும் ஒமக்கு வேணுமாக்கும்."

ஒவ்வொன்றாகக் கழிந்தது. முந்நூற்று ஏழு கடலில் விழுந்தது. முந்நூற்றுப் பதினேழு இறங்கும்போது எரிந்தது. இப்படிக் கடலில் இரண்டு, எரிந்தது மூன்று, மலையில் மோதியது ஒன்று, யுத்தம் முடிந்து பழைய இரும்புக்கு உடைத்தது மூன்று, ஆக ஒன்பதுக்கும் முடிவு தெரிந்துவிட்டது. முதல் ஆறையும் ஓட்டிய ஆறு பேருடைய பெயரையும் இன்னாசி நோட்டில் எழுதி, கல்லறைத் திருநாளில் ஆறு மெழுகுவர்த்தி கொளுத்தினார். முந்நூற்று அறுபத்தேழுக்கு மட்டும் முடிவு இல்லை. இருபத்து மூன்று வருஷமும் நாற்பத்தொரு கடிதமும் ஆனபிறகு பட்டணத்து ஆவணக் காப்பகத்திலிருந்து அதை ஓட்டியவருடைய பெயரும் ஊரும் வந்தன: சென்னியப்பன், காங்கேயத்துப் பக்கம் ஒரு தோட்டம். இன்னாசி ஒரு கார்டு போட்டார். 'ஐயா, தங்கள் வீட்டுப் பிள்ளை இங்கே வந்துகொண்டிருக்கிறார்.'

தை மாதம் ஒரு காலையில் எழுபது வயது அம்மாள் ஒருத்தி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். வெள்ளைச் சேலை, கையில் மஞ்சள் பை, பெயர் நாச்சம்மாள். இன்னாசியிடம் தூரக்கண்ணாடியை வாங்கி, வெகுநேரம் பார்த்தாள்.

"அந்தச் சுண்டுவிரலு வளைஞ்சிருக்குதுங்களா?"

"ஆமா. உள்பக்கமா."

"கெணத்துல கவலை எறைக்கறப்ப வடத்துல மாட்டுன வெரலுங்க. எங்கண்ணந்தான்." கண்ணாடியை இறக்கவில்லை. "இருவத்திரண்டு வயசு. எம் பேரன விடச் சின்னவனா இருக்கறாரு. எங்களுக்கு ஒரே ஒரு தந்தி வந்துதுங்க. வருகிறார்னு. அதோட சரி. எங்கம்மா தெனம் ஒரு தட்டுச் சோறு எடுத்து மூடி வெப்பா."

இன்னாசி தரையைப் பார்த்துக்கொண்டு, அந்தச் சொல்லை எழுதியது தன் அப்பா என்று சொன்னார். சொல்லி முடிக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

நாச்சம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "போயிட்டாருன்னு ஒரு வார்த்த எழுத முடியாதுங்களா ஒரு மனுசனால? எழுதியிருந்தா ஒரு வாரம் அழுதுட்டு எந்திரிச்சிருப்பமே. ஒரு வார்த்தைக்கு என்னுங்க, கையா ஒடிஞ்சிரும்?"

பிலோமிதான் சொன்னாள்: "யக்கா, திட்டுங்க, நல்லாத் திட்டுங்க. ஆனா வெயில்ல நின்னு திட்டாதீங்க, நெழலுக்கு வாங்க." பிறகுதான் எல்லோரும் கவனித்தார்கள், அவள் கூப்பிட்டது அந்த அண்ணனுடைய நிழலுக்கு.

நாச்சம்மாளுக்கு இதயத்தில் கோளாறு. கோயம்புத்தூர் டாக்டர் இரண்டு வருஷம் என்று சொல்லியிருந்தார். அதற்குள் அண்ணன் இறங்க வேண்டும், இல்லையென்றால் போகவாவது வேண்டும். இரண்டில் ஒன்றைப் பார்க்காமல் கண்ணை மூட முடியாது என்றாள். மாசியில் அவளும் இன்னாசியும் பட்டணத்துக்கு ரயிலேறினார்கள். காப்பகத்தில் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுத்தார்கள். பதிவேடுகளைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் நல்லவள். மூன்று நாள் கூடவே இருந்து, படையணியின் பறப்புக் குறிப்பை எடுத்தாள். புறப்பட்ட நேரம் எட்டு இருபது, எரிபொருள் நாலு மணி நேரத்துக்கு, இறங்கிய நேரம் என்ற கட்டம் காலி. இழந்த விமானங்களின் பட்டியலை எடுத்தாள். அந்த மாதம் பதினாலு விமானம், அதில் இது இல்லை. செத்தவர்கள் பட்டியலில் இல்லை. காணாமல் போனவர்கள் பட்டியலிலும் இல்லை.

"அப்ப எதுலதாங்க இருக்கறாரு?"

"வந்துக்கிட்டிருக்காருன்னு தகவல் இருக்கறதால எதுலயும் சேக்கல, அம்மா. வர்றவங்களுக்குன்னு நாங்க லிஸ்ட் வெச்சுக்கறதில்ல."

கடைசியில் பெரிய பதிவேட்டில் அந்த வரி கிடைத்தது. அதை மாற்ற முடியுமா என்று இன்னாசி கேட்டது அவருக்கே கேட்கவில்லை, இரண்டாம் முறை நாச்சம்மாள் உரக்கக் கேட்டாள்.

"தகவல் கொடுத்தவரே வந்து தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, பக்கத்துல ஒரு குறிப்பு சேக்கலாம்."

"அவரு தவறி இருவத்தஞ்சு வருசமாச்சு."

"அப்ப முடியாதுங்க, ஐயா."

"மவன் போட்டா?"

அந்த அம்மாள் இல்லை என்று தலையாட்டவில்லை. பதிவேட்டை மெதுவாக மூடினாள். ரயிலில் திரும்பி வரும்போது விழுப்புரம் தாண்டியபிறகு நாச்சம்மாள் சொன்னாள்: "காகிதத்துல ஆகாதுன்னா, அவருகிட்டயே சொல்லிப் பாக்கறனுங்க. அவருக்கு இன்னும் அதே பங்குனி சாயங்காலந்தான். யுத்தம் முடிஞ்சது தெரியாது. எல்லாத்தையும் ஒண்ணுவிடாமச் சொல்லிட்டா, எறங்கறதா போறதான்னு அவரே முடிவு பண்ணிக்குவாரு. எங்கண்ணன் புத்திசாலிங்க."

ஒருநாளைக்கு ஒரு மாதம் என்று வைத்துக்கொண்டாள். இன்னாசி நோட்டை எடுத்தார். ஐம்பத்து மூன்று வருஷம், அறுநூற்று முப்பத்தாறு மாதம், அறுநூற்று முப்பத்தாறு நாள். ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் இன்னும் இருபத்தொரு மாதம் சேர்ந்துவிடும், அதற்கு இருபத்தொரு நாள். அந்த இருபத்தொரு நாளில் ஒரு மாதம் முழுசாகச் சேராது. ஆக அறுநூற்று ஐம்பத்தேழு. டாக்டர் சொன்னது எழுநூற்று முப்பது. கையில் எழுபத்து மூன்று நாள் மிச்சம் இருக்கிறது என்று அவர் சொன்னபோது, தம் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கணக்கைச் சந்தோஷமாகச் சொன்னார் என்று பிலோமி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கோயிலிலிருந்து மைக்கும் ஒலிபெருக்கிக் குழாயும் வந்தன. பங்குனி ஒன்றாம் தேதி, உச்சி நேரத்தில், பெண்கள் கஞ்சிக்கு உட்கார்ந்தபோது நாச்சம்மாள் தொடங்கினாள்.

"அண்ணா, நாச்சா பேசறனுங்க. நீங்க கெளம்புன பங்குனி. மயிலைப் பசு கன்னு போட்டுருச்சுங்க. காளைக்கன்னு. உங்க சைக்கிள ஆரையும் தொட உடல."

ஊர் அதையும் எடுத்துக்கொண்டது. கோயில் மணிக்குப் பதிலாக நாச்சம்மாளின் குரலுக்குக் கஞ்சிச் சட்டி திறந்தார்கள். கடலைத் தவிர ஒன்றும் தெரியாத பெண்களுக்குப் புகையிலைக்கு எத்தனை நாளைக்கு ஒரு தண்ணீர், கவலைக் கிணறு எத்தனை மட்டம் ஆழம் என்பதெல்லாம் அத்துப்படியாயிற்று. "நேத்து அந்த மயிலைப் பசுவுக்குச் சீக்குன்னு விட்டாவளே, பொழச்சிற்றா?" என்று பாத்தி ஓரத்தில் கேட்டுக்கொண்டார்கள். சந்தையில் அந்தப் பசு விலைபோன நாளன்று வால் நிழலில் இருந்த ஒரு பெண் அழுதாள்.

இருபத்தொன்பதாம் நாள் நாற்பத்தைந்தாம் வருஷத்து ஆடி. "அண்ணா, யுத்தம் முடிஞ்சு போச்சுங்க" என்று குழாய் சொன்னதும், பல வருஷத்துக்குப் பிறகு ஊர் முழுக்க ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தது. இன்னாசி தூரக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நானூறு வரைக்கும் எண்ணினார். கை அப்படியே உயர்ந்திருந்தது. "பரவால்லீங்க," என்றாள் நாச்சம்மாள், "பாதி கேட்டு முடிவு பண்ற ஆளு இல்ல அவரு." ஐம்பத்து மூன்றாம் நாள் சுதந்திரம் வந்தது. அப்போதும் ஒன்றும் இல்லை.

எண்பதாம் நாள் நாற்பத்தொன்பது ஐப்பசி. அந்த மாதம் அவர்கள் பக்கத்தில் மழை கொட்டியிருக்கிறது. "மேக்கால இருந்து மழை எறங்குதுங்கண்ணா, சாளை வீட்டுக்குள்ள தண்ணி, மழை உட்ட பாடில்ல" என்று குழாயில் வந்ததுதான் தாமதம், கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து ஓடி உப்பு அம்பாரங்களை ஓலை போட்டு மூடினார்கள். மூடிவிட்டு, வைகாசி வெயிலில் நின்று, ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். அம்பாரத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் பிழைப்பு கரைந்துபோகும். அந்தச் சொல்லைக் கேட்டால் கால் நிற்காது.

எண்பத்தோராம் நாளும் மேற்கிலிருந்து மழை இறங்கியது. கணக்கில் ஒரு நாள் தவறிவிட்டோமோ என்று இன்னாசி நோட்டைப் பார்த்தார். தவறவில்லை. எண்பத்திரண்டிலும் அதே ஐப்பசி, அதே சாளைக்குள் தண்ணீர். ஐந்தாம் தடவை பிலோமி காப்பி கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யக்கா, ஐப்பசி போனா அடுத்தாப்புல கார்த்திகைல்லா?"

"கார்த்திகைதாங்க."

"நாளைக்கு அதச் சொல்லிருங்க."

"சொல்லணுங்க." காப்பியை ஆற்றினாள். "அந்தக் கார்த்திகைல எங்கம்மா..." காப்பியைக் குடித்தாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "வாய் வரமாட்டீங்குதுங்க. கையத் தூக்கிட்டு அவரு அம்மாவப் பாக்கத்தான வர்றாரு. நாங் கீழ நின்னுக்கிட்டு, வராதீங்க, பாக்கறதுக்கு ஆளு இல்லைன்னு எப்பிடிங்க சொல்லுவேன்?"

பிலோமி வீட்டுக்கு வந்து டம்ளரைக் கழுவிக்கொண்டே, "அவிய ஒம்ம அப்பாவுக்குக் கூடப் பெறந்தவ போல இருக்கு, பாத்துக்கிடும்" என்றாள்.

இருபதாம் தடவை கழிந்தபோது இன்னாசிக்குப் பொறுக்கவில்லை. பிறந்ததிலிருந்து மைக்கைத் தொடாதவர், நாச்சம்மாளிடம் கேட்டுக்கொண்டு, தானே அந்த ஒரு கார்த்திகையை மட்டும் சொல்லித் தாண்டிவிடுவதாகப் போனார். மைக்கைப் பிடித்தார். பெண்கள் கஞ்சியை நிறுத்தினார்கள். "ஐயா," என்றார். "நாற்பத்தொன்பது கார்த்திகை." மேலே பார்த்தார். வளைந்த சுண்டுவிரல் கண்ணாடி இல்லாமலே தெரிகிற மாதிரி இருந்தது. "நாற்பத்தொன்பது கார்த்திகையில் கீழப்பாத்தியிலிருந்து லாரி ஏறிய மூட்டை நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு" என்று சொல்லிவிட்டு, மைக்கை நாச்சம்மாளிடம் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போனார். யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் ஐப்பசி.

அதற்குப் பிறகு ஊரில் யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. சாமியார் ஒருமுறை வாயெடுத்தார், விட்டுவிட்டார். அந்த மாதம் எல்லோருக்கும் மனப்பாடமாயிற்று. அவள் மூச்சு வாங்கி நிறுத்துகிற இடத்தில் வால் நிழலிலிருந்து யாராவது அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தார்கள். இப்போதெல்லாம் அவள் உட்கார்ந்துதான் பேசினாள். மைக்கை பிலோமி பிடித்துக்கொண்டாள். இன்னாசி ஒவ்வொரு நாளும் நோட்டில் ஒன்றைக் கழித்தார். எழுபத்து மூன்று ஐம்பதாயிற்று, முப்பதாயிற்று, ஒன்பதாயிற்று. மிச்சம் ஒன்றுமில்லை என்று எழுதிய அன்றைக்கு அதை யாரிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொல்ல இரண்டு தடவை எழுந்தார், இரண்டு தடவையும் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள், ஆவணி வெயில் பாத்திகளில் வெள்ளையாக எரிந்துகொண்டிருக்க, நாச்சம்மாள் மைக்குக்குக் குனிந்து, அண்ணா என்றாள். பெண்கள் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், மேற்கே ஒரு மேகமும் இல்லாத வானத்தின் கீழே, ஒருவர் விடாமல் அம்பாரங்களுக்கு ஓலை மூடினார்கள்.